ஏரிக்கரையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

மன்னார்குடி வட்டத்தில் பறவைகள் சரணாலயமாக உள்ள வடுவூர் ஏரியைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வருகிறது, “இங்கே ஒரு நாளைக்கு 229 பேர் வரலாம்” என்று அது முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 230-ஆவது ஆள் வந்தால் பறவையெல்லாம் பறந்துவிடுமா? விடாது. அப்படியென்றால் இந்த 229 எங்கிருந்து வந்தது? நீடித்த சுற்றுலா, அதாவது இடத்தைக் கெடுக்காமல் நடத்தும் சுற்றுலா பற்றி ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கணக்கு கடினமானதில்லை, பள்ளிக்கூடப் பெருக்கல்தான். சிக்கலெல்லாம் பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்களில் இருக்கிறது.

ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பது தாங்குதிறன் கணக்கு. இந்தத் துறையில் அதிகம் கையாளப்படுவது, மிகேல் சிஃபுயென்டெஸ் 1992-ல் கோஸ்டாரிகாவிலிருந்து வெளியிட்ட முறை. மூன்று படிகள் கொண்டது. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, வடுவூரில் அளந்தவை அல்ல.

முதல் படி, இடத்தின் கொள்ளளவு. நடக்கக்கூடிய கரை 1,500 மீட்டர். பத்துப் பேர் ஒரு குழு, ஆளுக்கு ஒரு மீட்டர், ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே 50 மீட்டர். ஆக ஒரு குழுவுக்கு 60 மீட்டர் வேண்டும். 1,500-ஐ 60-ஆல் வகுத்தால் 25 குழுக்கள், 250 பேர். கரை 9 மணி நேரம் திறந்திருக்கிறது, ஒரு நடை ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது என்றால் ஆறு முறை ஆள் மாறலாம். 250-ஐ 6-ஆல் பெருக்க 1,500 பேர்.

இரண்டாவது படி, கழிவு. ஒவ்வொரு தடையையும் “ஒன்றிலிருந்து, தடைப்பட்ட பங்கைக் கழி” என்று எழுத வேண்டும். பறவைப் பருவமாக எடுத்துக்கொண்ட நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான சுமார் 182 நாளில் 40 நாள் மழை என்றால் 0.78. ஒன்பது மணி நேரத்தில் மூன்று மணி நேரம் உச்சி வெயில் என்றால் 0.67. பறவைகள் தங்கும் பக்கமாக 400 மீட்டர் கரையை அடைத்தால் 0.73. மூன்றையும் பெருக்கினால் 0.38 அளவில் வரும். 1,500 பேர் இப்போது சுமார் 572 பேர் ஆகிவிட்டார்கள்.

மூன்றாவது படி, கையிருப்பு. பத்துக் காவலர் தேவைப்படும் இடத்தில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள், கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் அதே கணக்கில்தான் இருக்கின்றன என்றால் 0.4. பெருக்கினால் 229.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். குழுக்களுக்கு இடையே 50 மீட்டருக்குப் பதில் 30 மீட்டர். ஒரு குழுவுக்கு 40 மீட்டர், 37 குழுக்கள், 370 பேர். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விடை 339. ஏரியும் மாறவில்லை, பறவையும் மாறவில்லை. ஆய்வாளர் மேசையில் உட்கார்ந்து மாற்றிய 20 மீட்டர், நாளொன்றுக்கு 110 பேரைக் கூடுதலாக உள்ளே விட்டிருக்கிறது. அதனால்தான் நல்ல கட்டுரை ஒற்றை எண்ணைத் தருவதில்லை. எந்த அனுமானம் எவ்வளவு மாறினால் விடை எங்கிருந்து எங்கே போகும் என்று ஓர் அட்டவணை தரும். அந்த அட்டவணை இல்லாத கட்டுரையின் எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதக்கூடாது என்பதே என் கட்சி.

அந்த 50 மீட்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நடப்பவரின் வசதிக்கான இடைவெளி, பறவையின் வசதிக்கானதல்ல. பறவைக்கு வேண்டியது வேறு அளவு: ஆள் எவ்வளவு நெருங்கினால் அது எழுந்து பறக்கிறது என்ற தூரம். அளப்பது எளிது. சாதாரண நடை வேகத்தில், வளையாமல் நேராகப் பறவையை நோக்கி நடக்க வேண்டும். அது எழும் கணத்தில் நின்று, நின்ற இடத்துக்கும் அது இருந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும். ஊசிவால் வாத்துக்குத் தனியாக, நாமக்கோழிக்குத் தனியாக, நாரைக்குத் தனியாகப் பலமுறை எடுக்க வேண்டும். ஒரே கூட்டத்தை ஒரே நாளில் இரண்டு முறை கிளப்பி இரண்டு அளவாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாவது முறை அது ஏற்கெனவே மிரண்ட கூட்டம். தினமும் கண்ட ஆளையும் புது ஆளையும் பறவை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால், யார் நடந்தார், என்ன உடையில் நடந்தார் என்பதையும் எழுதி வைப்பார்கள்.

கழிவுகளைப் பெருக்கும்போது வரும் பிழை இன்னொன்று. மழைக்கு ஒரு கழிவு போட்டுவிட்டு, “கரை வழுக்கும் நாட்கள்” என்று இன்னொன்றும் போடுவார்கள். கரை வழுக்குவது மழையால்தான். ஒரே நாளை இரண்டு தடவை கழித்தாயிற்று. விடை வேண்டாத அளவுக்குச் சுருங்கும். “விஞ்ஞானம் சொல்கிறது” என்று யாராவது கரையைப் பூட்டுவார்கள். சராசரியின் ஏமாற்று இதற்கு நேர் எதிர். ஆண்டு முழுதும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 150 பேர்தான் என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் கூட்டம் மொத்தமும் பொங்கல் விடுமுறையில் வருகிறது, வலசைப் பறவைகள் நிறைந்திருப்பதும் அதே தை மாதத்தில்தான்.

இவ்வளவும் “கெடுக்காமல் இருப்பது எப்படி” என்ற கேள்விக்கான பதில். ‘ஜர்னல் ஆஃப் சஸ்டெய்னபிள் டூரிஸம்’ 1993-ல் தொடங்கியது முதல் துறையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வந்தது. கொரோனாவுக்குப் பிறகு ‘மீளாக்கச் சுற்றுலா’ என்ற சொல் கட்டுரைத் தலைப்புகளில் பெருகிவிட்டது. வித்தியாசம் டெல்டாக்காரருக்கு உடனே புரியும். குத்தகைக்கு எடுத்த வயலை எடுத்தபடியே திருப்பிக் கொடுப்பது நீடித்த முறை. தக்கைப்பூண்டு விதைத்து, பூப்பதற்குள் மடக்கி உழுது, மண்ணைத் தேற்றிக் கொடுப்பது மீளாக்கம். சுற்றுலா வந்ததால் இடம் முன்பைவிட நன்றாக ஆக வேண்டும்.

சொல்ல அழகாக இருக்கிறது, காட்டுவது கடினம். “நாங்கள் சுற்றுலாவைச் சீர்படுத்திய பிறகு பறவைகள் கூடின” என்று ஒரு கட்டுரை சொன்னால், கூடியதற்குக் காரணம் சுற்றுலாதானா? வடுவூர் ஏரி மேட்டூர்த் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியிருக்கும் பாசன ஏரி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். திறப்புத் தேதியே ஒன்றுக்கொன்று இரண்டு மாதம் வேறுபடும் இரண்டு ஆண்டுகளை வைத்துக்கொண்டு, பறவை எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வைச் சுற்றுலாவின் கணக்கில் எழுதினால், கர்நாடகத்தில் பெய்த மழைக்கு வடுவூர்ச் சுற்றுலாவைப் பாராட்டிய கதையாகும்.

இதற்கு மருந்து, ஒப்பிட இன்னோர் ஏரி. அதே ஆற்றுத் தண்ணீர், அதே பருவம், ஆனால் சுற்றுலா மாற்றம் எதுவும் நடக்காத ஏரியாக இருக்க வேண்டும். திருவாரூர் மாவட்டத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் இருக்கிறது. வடுவூரைப் போலவே அதுவும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு ஏரியிலும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எண்ண வேண்டும். முன்புபோலவே எடுத்துக்காட்டுக்கு: வடுவூரில் 8,000 பறவை 10,000 ஆனது, 25 விழுக்காடு உயர்வு. ஒப்பீட்டு ஏரியில் 5,000, 6,500 ஆனது, 30 விழுக்காடு. வடுவூரை மட்டும் பார்த்தவர் வெற்றி விழா எடுப்பார். இரண்டையும் பார்த்தவர், எல்லா ஏரியிலும் பறவை கூடிய நல்ல தண்ணீர் வருடத்தில் வடுவூர் சற்றுப் பின்தங்கியதைக் காண்பார். மாற்றத்துக்கு முன் எண்ணி வைக்காவிட்டால் இந்த ஒப்பீடே கிடையாது. பணம் வந்த பிறகு ஆய்வைத் தொடங்குவதால் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ‘முன்பு’தான்.

அலையாத்திக் காட்டிலும் இதே கதைதான், வேறு உருவத்தில். “ஒவ்வொரு பயணியும் ஒரு கன்று நட்டார்” என்பது செய்த வேலையின் கணக்கு, விளைந்த பலனின் கணக்கு அல்ல. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு அழிந்த இடங்களில் நடந்தது என்ன? பழைய காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய திட்டில் வெயில் நேரடியாக விழுந்து, மண்ணின் ஈரம் வற்றி, தரை தொட்டிபோலத் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே காய்ந்து உப்பு ஏறியது. அந்த மண்ணில் ஆயிரம் கன்று நட்டாலும் காய்ந்துதான் போகும். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே முதலில் செய்தது வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன் முள்போலச் சாய்ந்த கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கி உப்பு குறைந்த பிறகுதான் கன்று பிடித்தது. ஆகவே மீளாக்கம் என்று பேசும் கட்டுரையில் தேட வேண்டியவை நட்ட எண்ணிக்கை அல்ல: மண்ணின் உப்பு அளவு முன்பும் பின்பும், மூன்று வருடம் கழித்து உயிரோடிருக்கும் கன்றுகளின் விழுக்காடு, சுரபுன்னை நட்ட இடத்தில் வெண்கண்டல் என்ற வேறு அலையாத்தி மரம் தானாக வந்து முளைத்ததா என்பது.

கேள்வித்தாள் ஆய்வைப் பற்றிச் சுருக்கமாக. “384 பேரிடம் கேட்டோம்” என்ற வரி சுற்றுலாக் கட்டுரைகளில் சலிக்கச் சலிக்க வரும். 95 விழுக்காடு நம்பகம், ஐந்து விழுக்காடு பிழை என்று சூத்திரத்தில் போட்டால் வரும் எண் அது. ஆனால் அந்தச் சூத்திரம் ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் மட்டுமே செல்லும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கிடைத்தவரையெல்லாம் கேட்டால் 384 ஆனாலும் 3,840 ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கருத்துதான் கிடைக்கும். ஏரித் தண்ணீரில் சம்பா பயிரிடுகிறவர் வாசல் வழியாக வருவதேயில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் ஊரில் பலர் எழுந்து போய்விடுவார்கள். எதற்கென்று தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி வாங்கலாம்.

இனி ‘பேப்பர் போடும்’ கட்டம். கட்டுரை ஆய்விதழுக்குப் போனதும் முதல் மதகு ஆசிரியரின் மேசை. இதழின் பொருளுக்குப் பொருந்தாதது, ஓர் ஊரின் விவரம் மட்டும் இருந்து மற்ற இடங்களுக்கு உதவும் கேள்வி இல்லாதது இவையெல்லாம் இங்கேயே திரும்பும். டெல்டாவிலிருந்து போகும் கட்டுரைகளுக்கு இரண்டாவது காரணம்தான் பெரிய கண்டம். “வடுவூரில் சுற்றுலா: ஓர் ஆய்வு” என்று போனால் திரும்பிவிடும், “நீர்வரத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும் பாசன ஏரியில் சுற்றுலாவின் தாக்கத்தைப் பிரித்தறிவது எப்படி” என்று போனால் உள்ளே போகும். ஏரி அதேதான்.

மதகைத் தாண்டினால் இரண்டு மூன்று துறையறிந்தவர்கள் படிப்பார்கள். சுற்றுலா இதழ்களில் பெரும்பாலும் எழுதியவர் யாரென்று படிப்பவருக்கும், படிப்பவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. பெயரை எடுத்துவிட்டுக் கோப்பின் பண்புகளில் பெயரை விட்டுவிடுவதும், “எங்கள் முந்தைய ஆய்வில்” என்று எழுதிக் காட்டிக்கொடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கின்றன. மதிப்பாய்வு வரப் பல மாதங்கள் ஆகும். “50 மீட்டர் எதற்கு? ஒப்பீட்டு ஏரி எங்கே?” என்று வரும் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே பதிலும், திருத்திய பக்க எண்ணும் எழுதி அனுப்புவதுதான் மறுமொழிக் கடிதத்தின் முறை. ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். பதில் சொல்லாமல் நழுவினால்தான் கட்டுரை விழும்.

மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு வாட்ஸ்அப்பில் பணம் கேட்கும் இதழில் இந்தச் சல்லடை இல்லவே இல்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்பக்கூடாது. அது இதழுக்கான அடையாள எண், தரச்சான்று அல்ல. தரமான இதழ்கள் எவை என்று சொன்ன பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால், சரிபார்க்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளர் தலையில். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழ் என்றால், அத்தகைய இதழ்களைப் பட்டியலிட்டு 2003 முதல் இயங்கும் டி.ஓ.ஏ.ஜே. அடைவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆசிரியர் குழுவில் பெயருள்ளவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுவது ஐந்து நிமிட வேலை.

வெளியான கட்டுரை யாருக்குக் கிடைக்கிறது? 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். பிச்சாவரத்தை அடுத்த கிள்ளையில் படகு ஓட்டுகிறவரும் வடுவூர் ஊராட்சியும் அந்தக் கணக்கில் இல்லை. தலைமடை நிறைந்து கடைமடை காய்வது நமக்குப் புதிதா என்ன. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்கம் அமைக்காத பிரதியைப் பல இதழ்கள் பொதுக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன, சிலவற்றில் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படிக்க வேண்டும். எண்ணிக்கைத் தரவுகளையும் ஸெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் வைத்தால் பத்து என்று தொடங்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், அடுத்த ஆய்வாளருக்கு அந்த ‘முன்பு’ கையில் இருக்கும். கூடு கட்டிய மரங்களின் துல்லியமான இடக்குறிப்பை மட்டும் அதில் போடக்கூடாது. கிலோமீட்டர் கணக்கில் தோராயமாக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் வேட்டைக்காரருக்கு நாமே வழிகாட்டியதாகும்.

ஊருக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுப்பதென்றால் அதில் 229 என்று மட்டும் எழுதாமல், 50 மீட்டரையும் நான்கு காவலரையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்போதுதான் காவலர் எட்டுப் பேர் ஆன அன்றைக்கு ஊராட்சித் தலைவரே 0.4-ஐ 0.8 ஆக்கிப் பெருக்கி, 458 என்று கண்டு, அதற்குக் கழிப்பறை போதுமா என்று கேட்க முடியும்.