படகைக் காப்பது பம்பா, ஸ்விட்சா?

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரைத் துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பழுது பார்க்கக் கரையேற்றியவை போக, தண்ணீரிலேயே நிற்பவையும் உண்டு. அப்படி நிற்கும் ஒரு படகில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டில் நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலேகால் லிட்டருக்குச் சற்று மேல். 61 நாளில் அது 260 லிட்டரைத் தாண்டிவிடும். மழைத் தண்ணீர் தனிக் கணக்கு.

படகின் அடிவயிற்றில் சேரும் இந்தத் தண்ணீரை இறைப்பதுதான் பில்ஜ் பம்பின் வேலை. சொட்டுக் கசிவு, தெறிக்கும் அலை, மழை ஆகியவற்றைத்தான் அது சமாளிக்கும். பெரிய ஓட்டையோடு அதனால் மல்லுக்கட்ட முடியாது. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே, 2.5 செ.மீ. விட்டத்தில் ஒரு குழாய் கழன்றுவிட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 3,600 லிட்டர், அதாவது மூன்றரை டன்னுக்கும் மேல். விட்டம் இரண்டு மடங்கானால் வரத்து நான்கு மடங்காகும். உள்ளே சேர்ந்த தண்ணீர் சும்மாவும் நிற்பதில்லை. படகு சாயும் பக்கமே ஓடி, அதை இன்னும் சாய்க்கும்.

கடையில் பம்ப் கேட்டால், அதன் மேல் போட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். 2,000 என்றால் மணிக்கு 2,000 அமெரிக்க கேலன், கிட்டத்தட்ட 7,570 லிட்டர். ஆனால் அது தண்ணீரை மேலே ஏற்றாமல், நீளக் குழாய் இல்லாமல், 13.6 வோல்ட் கொடுத்து அளந்த எண். படகிலோ தண்ணீர் ஒரு மீட்டராவது ஏறி, வளைந்து நெளிந்து வெளியே போக வேண்டும். உட்புறம் வரிவரியாக மடிப்புள்ள குழாய் என்றால் உராய்வு இன்னும் கூடும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 13.6 வோல்ட்டும் இருக்காது.

ஒயர் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரிக்கும் பம்புக்கும் 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர் ஒயர். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் 1.15 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.43 வோல்ட்தான். சுழலும் இதழ்களால் தண்ணீரை வீசும் இந்த வகைப் பம்பில் வேகம் பத்து சதவீதம் குறைந்தால், தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம் ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும். அதனால் பெரிய பம்ப் வாங்கும் முன் தடித்த ஒயரும், உள்ளே வழவழப்பான குழாயும் வாங்குங்கள் என்பேன்.

சரி, தண்ணீர் ஏறியதும் பம்பைத் தானாக ஓட வைக்கும் ஸ்விட்சுக்கு வருவோம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே குடும்பம்தான். ஒரு முனையில் கீல் வைத்த மிதவை. தண்ணீர் ஏறினால் நிமிரும். உள்ளே ஒரு எஃகுக் குண்டு உருண்டு வந்து சிறு ஸ்விட்சை அழுத்தும். பழைய வகைகளில் அந்த வேலையைப் பாதரசத் துளி செய்தது. பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஏனென்றால், பம்ப் நின்றதும் குழாயில் ஏறியிருந்த தண்ணீர் திரும்ப இறங்கும். 2.5 செ.மீ. குழாயில் 3 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை லிட்டர் இருக்கும். ஒடுக்கமான அடிப்பகுதியில் அந்த ஒன்றரை லிட்டரே மிதவையை மறுபடி தூக்கிவிடும். பம்ப் ஓடும், நிற்கும், ஓடும். காலையில் பேட்டரி காலி. இதைத் தடுக்க, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் போடுவதை நான் ஏற்பதில்லை. செதிலோ நைலான் நூலோ சிக்கினால் அதுவே வழியை அடைத்துவிடும். குழாயைக் குட்டையாக்குவதும், இடைவெளி அதிகமுள்ள ஸ்விட்ச் போடுவதும் மேல்.

இந்த ஸ்விட்ச் சாவது பெரும்பாலும் ஒயர் வழியாகத்தான். பழுதான ஒன்றின் ஒயரை பிளேடால் சீவிப் பார்த்தேன். மேலே ரப்பர் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு இழைகள் கறுத்து, இணைப்புக்குப் பக்கத்தில் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. இணைப்பை உப்புத் தண்ணீர் தொடும் இடத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதில் உப்புநீர் பட்டால் செம்பு கரையும். இழைகளின் சந்துகளில் நீர் மேலேயும் ஊறிப் போகும். கசியும் மின்சாரம் ஷாஃப்டையும் வால்வுகளையும்கூட அரிக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், சூடாக்கினால் சுருங்கி உள்ளே பசை உருகி ஒட்டும் குழாய், தண்ணீர் எட்டாத உயரத்தில் இணைப்பு: இவற்றுக்கு ஆகும் செலவு பம்ப் விலைக்கு முன் ஒன்றுமில்லை. பம்பின் இதழில் குப்பை மாட்டினால் மின்னோட்டம் எகிறும் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே ஃப்யூஸ் போட வேண்டும்.

மிதவையே இல்லாத மின்னணு வகையில் சிக்குவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால், தண்ணீர் வடிந்த பிறகும் இருப்பதாகவே சில நினைத்துக்கொள்ளும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்குழாய் வழியே அழுத்தத்தை உணரும் வகையில் மின்பாகம் தண்ணீருக்கு வெகு மேலே இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். எந்த வகையானாலும் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். கொஞ்சம் உயரத்தில் இரண்டாவது ஸ்விட்ச், அதற்குத் தனிப் பம்ப், தனி ஃப்யூஸ், கூடவே ஒரு அலாரம் இருக்கட்டும்.

சோதிக்கும்போது மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. மிதவை தண்ணீரில் தானாக எழும்புமா என்று அதில் தெரியாது. நாலைந்து வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். பம்ப் தானாக ஓடுகிறதா, வெளியே எவ்வளவு தண்ணீர் விழுகிறது, தானாக நிற்கிறதா என்று பாருங்கள். 20 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். 20 நொடி என்றால் மணிக்கு 3,600 லிட்டர். உங்கள் படகில் அந்தப் பம்பின் உண்மையான எண் அதுதான்.