தூங்கல்: யோ-யோ ஆட்டத்தின் ‘ஸ்லீப்பர்’

இரு தட்டுகளை ஓர் அச்சால் இணைத்து, அச்சில் நூல் சுற்றிய பொம்மை யோ-யோ. கீழே வீசிய யோ-யோ உடனே மேலே ஏறி வராமல், நூலின் நுனியிலேயே நின்று சுழல்வதற்குத் தமிழில் நான் முன்வைக்கும் பெயர் தூங்கல். யோ-யோ பழகுகிறவர்கள் இதை ஸ்லீப்பர் என்கிறார்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் மாலையில் யோ-யோவோடு நிற்கும் பிள்ளைகளைக் கேட்டால், “அண்ணா, ஸ்லீப்பரே நிக்க மாட்டேங்குது” என்பதுதான் முதல் புகாராக இருக்கும். மற்ற வித்தைகளில் பெரும்பாலானவை இதற்கு அப்புறம்தான் என்பதால் அந்தக் கவலை நியாயமானது.

யோ-யோ என்பது பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த சொல். அங்கிருந்து அமெரிக்கா சென்ற பெட்ரோ ஃப்ளோரஸ் 1928-இல் கலிஃபோர்னியாவில் யோ-யோ தயாரிக்கத் தொடங்கினார். பின்னர் அந்தத் தொழிலை வாங்கிய டங்கன் நிறுவனம் பெயரைத் தன் வணிக முத்திரையாக வைத்திருந்தது. அது எல்லோருக்கும் பொதுவான சொல் என்று 1965-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பொம்மையின் பெயரை நாம் மாற்ற வேண்டியதில்லை. யோ-யோ யோ-யோவாகவே இருக்கட்டும்.

ஸ்லீப்பர் என்ற பெயரின் கதை வேறு. ஃப்ளோரஸின் யோ-யோவில் நூல் அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டப்படவில்லை. அச்சைச் சுற்றி வளையமாகத் தொங்கியது. வளையத்துக்குள் அச்சு வழுக்கிச் சுழல்வதால்தான் யோ-யோ கீழே நிற்கிறது. இதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தூங்குதல் என்றால் இன்று உறங்குதல். பழைய தமிழில் தொங்குதல், அசைதல் என்றும் பொருள். தூக்கணாங்குருவிக்குப் பெயர் வந்தது அதன் தொங்கும் கூட்டால். உறங்கும் பொருளிலும் சொல் பழையதுதான்: கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் கோயிலைத் தேவாரம் தூங்கானை மாடம் என்று பாடுகிறது. படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் வளைந்த பின்புறம் கொண்ட அமைப்பு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பம்பரம் ஆடும் பிள்ளைகளும், அது ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் நின்று சுழலும்போது “தூங்குது” என்பார்கள். நூலில் தொங்குவது, நின்று சுழல்வது ஆகிய இரண்டையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. உறங்கல், துயில் என்று போட்டால் தொங்குவது விட்டுப்போகும். அதனால் தூங்கல்தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

பழகும்போதும் இந்தச் சொல் உதவும். ஆள்காட்டி விரலில் அல்ல, நடுவிரலில் நூலின் மேல்முனைச் சுருக்கைப் போடுங்கள். தரையில் வைத்த யோ-யோவிலிருந்து தொப்புள் உயரம் வரை நூல் இருந்தால் போதும். உள்ளங்கை மேலே பார்க்க, புஜத்தைக் காட்டுவதுபோல் முழங்கையை மடக்கி, முன்பக்கமாகக் கீழே வீசுங்கள். யோ-யோ நுனியை எட்டும் நேரத்தில் கையைத் தளரவிட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கையை மேலே இழுத்துவிடுகிறார்கள். அது தூங்குவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. நன்றாகத் தூங்கிய பிறகு, கையைக் குப்புறத் திருப்பி மெல்லச் சுண்டினால் நூல் ஒரு கணம் தளர்ந்து அச்சைப் பற்றிக்கொள்ளும், யோ-யோ ஏறி வரும். அதை எழுப்புதல் என்போம்.

வீச்சு சரியாக இருந்தும் தூங்கவில்லையென்றால் நூலைப் பாருங்கள். ஆட ஆட முறுக்கு ஏறி, வளையம் அச்சை இறுக்கியிருக்கும். சுருக்கை விரலிலிருந்து கழற்றி, யோ-யோவைத் தொங்கவிட்டு, முறுக்கு தானாகப் பிரியும் வரை விடுங்கள்.

தூங்கல் நின்றால் ‘ராக் தி பேபி’க்குப் போகலாம். நூலை முக்கோணமாகப் பிடித்து நடுவில் யோ-யோவை ஆட்டும் வித்தை அது. நம் வீட்டுப் புடவைத் தூளியேதான், பெயரும் தூளி என்றே இருக்கலாம். பேரிங் வைத்த புது யோ-யோக்கள் சில, எவ்வளவு சுண்டினாலும் எழாது. அவற்றில் நூலை மடித்து இரு தட்டுகளின் இடைவெளிக்குள் ஊட்டினால்தான் பற்றும். பைண்ட் எனப்படும் இதைக் கவ்வல் எனலாம்.