ஒரே மூளை, இரண்டு மெஷின்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை எந்தக் கடைத் தராசில் வைத்தாலும் எடை ஒன்றுதான், ஏனென்றால் கிராம் எல்லோருக்கும் பொது. எம்.ஆர்.ஐ. படத்தின் வெளிச்சத்துக்கு அப்படி ஓர் அலகு கிடையாது. ஒரே மூளையை இரண்டு மெஷினில் எடுத்தால் இரண்டு விதமான எண்கள் வரும். பல நாட்டுப் படங்களைச் சேர்த்து ஆராய்வதில் நிறைய உழைப்பு இங்கேதான் போகிறது.

தலைவலிக்கு எடுக்கும் படத்தில் ஒவ்வொரு துண்டும் சுமார் 5 மி.மீ. கனம். கட்டி, ரத்தக்கசிவு பார்க்க அது போதும். மூளையின் வெளி அடுக்கான புறணியின் கனமே சராசரி 2.5 மி.மீ. என்பதால், அதை அளக்க ஒவ்வொரு புள்ளியும் மூன்று திசையிலும் 1 மி.மீ. இருக்கும் 'டி1' வகைப் படம் தேவை. இதற்குக் கூடுதலாக ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் தலை அசைந்தால் புறணி உள்ளதைவிட மெலிந்து தெரியும். நோயாளிகள்தான் அதிகம் அசைவார்கள். அசைவின் விளைவை நோயின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. காதோரம் ஸ்பாஞ்சை இறுக்கமாக வைப்பது அவ்வளவு முக்கியம்.

மெஷினைச் சோதிக்க, ஃபாண்டம் என்னும் திரவக் குடுவையை வைத்துப் படமெடுப்பார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அதை வராந்தாவில் விட்டுவிட்டு உடனே ஸ்கேன் செய்யக் கூடாது. நீரின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 35-க்கு ஏறினாலே அதன் பரவல் அளவு (நீர் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பது) கால் பங்கு கூடிவிடும். பழி மெஷின் மேல் விழும். முதல் நாளே ஸ்கேன் அறை ஏசியில் வைத்துவிட வேண்டும். பரவலைத் துல்லியமாகச் சோதிக்க, ஐஸ் நீரில் அமிழ்த்திய குடுவை இன்னும் நல்லது. ஐஸ் மிச்சமிருக்கும்வரை வெப்பம் 0 டிகிரியிலேயே நிற்கும்.

கோப்பு வடிவம் மாற்றும்போது படத்தின் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடுவதும் நடக்கும். வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டினால், அதன் எண்ணெய் படத்தில் பளிச்சென்று தெரிந்து பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நோயாளியின் பெயரை அழித்தால் மட்டும் போதாது. முப்பரிமாணப் படத்திலிருந்து முகத்தையே வரைந்துவிடலாம் என்பதால், முகப்பகுதியை நீக்கித்தான் அனுப்புவார்கள். பல நாட்டு மூளைப் படங்களைச் சேர்த்து ஆராய 2009-இல் தொடங்கிய எனிக்மா கூட்டமைப்பு பல ஆய்வுகளில் படத்தையே கேட்பதில்லை. ஒரே செய்முறையை அந்தந்த ஊரில் ஓட்டி, விடை எண்களை மட்டும் அனுப்பினால் போதும்.

மெஷின்களுக்கிடையே மிஞ்சும் வேறுபாட்டைக் கணக்கால் சரிசெய்ய, மரபணு ஆய்வுக்காக 2007-இல் வந்த 'காம்பேட்' முறை பயன்படுகிறது. ஆனால் சேலத்திலிருந்து நோயாளிகள் மட்டும், வேறொரு நாட்டிலிருந்து நலமானவர்கள் மட்டும் என்று படங்கள் வந்தால் எது நோய், எது மெஷின் என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. நோயாளிக்குத் துணையாக வந்தவர்களில் அதே வயதுள்ள சிலரையும், அவர்கள் சம்மதித்தால், அதே மெஷினில் எடுத்துவிட வேண்டும்.