கண்ணில் சுண்ணாம்பா? தேசிக்காயைத் தொடாதீர்கள், கிணற்றடிக்கு ஓடுங்கள்

மட்டக்களப்பில் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு. அதிலிருக்கும் சுண்ணாம்பை யாரும் ஓர் இரசாயனமாக நினைப்பதில்லை. கண் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அப்படி விட்டுவிட முடியாது. சுண்ணாம்புப் பையைப் பிள்ளை பிதுக்க, முடிச்சுத் தெறித்துக் கண்ணுக்குள் அடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். "வீட்டில கழுவினீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. "தாய்ப்பால் விட்டம் டொக்டர்" என்பார்கள். "சுண்ணாம்பைப் புளி முறிக்கும்தானே, தேசிக்காய் ரெண்டு சொட்டு விட்டம்" என்பவர்களும் உண்டு.

புளி சுண்ணாம்பை முறிக்கும் என்பது உண்மைதான். சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது அமிலத்துக்கு எதிரான ஒரு மூலம் (காரம்). தேசிக்காயில் இருப்பது சித்திரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கூடவே வெப்பமும் வரும். போத்தலுக்குள் நடந்தால் போத்தல் சுடும். கண்ணுக்குள் நடந்தால், ஏற்கெனவே வெந்துபோன கருவிழி இன்னும் வேகும். அமிலத்தின் அளவு கூடினால் அதுவே இரண்டாவது காயம். தாய்ப்பால் சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போகாது, நேரத்தைத்தான் தின்னும்.

அமிலம் என்றால் பயப்படுகிறோம், சுண்ணாம்புக்குப் பயப்படுவதில்லை. கண்ணைப் பொறுத்தவரை இது தலைகீழ். உழவு இயந்திர பற்றரியின் அமிலம் பட்டால், மேற்பரப்புப் புரதம் உறைந்து அமிலம் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். மூலமோ கல மென்சவ்வின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அமிலமா மூலமா என்று காட்டும் அளவுதான் பிஎச்; 7 நடுநிலை, அதற்கு மேலே மூலம். நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4 அளவில் இருக்கும், கண்ணீருடையது 7.4 அளவில். வித்தியாசம் 5 தானே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் மூலத்தன்மை ஓர் இலட்சம் மடங்கு கூட.

ஆகவே பட்ட இடத்திலேயே கழுவுங்கள். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி வந்து ஆஸ்பத்திரியில் கழுவலாம் என்று காத்திருந்தால், அவ்வளவு நேரமும் சுண்ணாம்பு வேலை செய்துகொண்டே இருக்கும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, தெளிவாக இருந்தால் போதும். பிள்ளையைப் படுக்கவைத்து, பட்ட கண் கீழே வரும்படி தலையைச் சரித்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் விடாமல் ஊற்றுங்கள். கத்தும், உதறும். மனமிரங்கி நிறுத்திவிடாதீர்கள். பிறகு தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். மேலிமைக்குள் ஒட்டிய சுண்ணாம்புத் துகள் தண்ணீருக்கு அசையாது, இமையைப் புரட்டி நாங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் அங்கே ஒரு காட்டி, மூலம் பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். நாங்களும் ஒரு காட்டியைத்தான் நம்பியிருக்கிறோம். கீழிமைக்குள் பிஎச் தாளைத் தொட்டு நிறம் பார்ப்போம். கண்ணீரின் அளவுக்கு வரும்வரை கழுவுவோம். வந்த பிறகும் சில நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்போம், இழையத்துக்குள் தங்கிய மூலம் மெல்லக் கசிந்து வெளியே வரும்.

"கண் சிவக்கவில்லையே, பெரிதாக ஒன்றுமில்லை" என்று இருந்துவிட வேண்டாம். சுண்ணாம்பு பட்ட கண் சிவக்காமல் வெளுத்திருந்தால் எனக்குப் பயம் கூடும். கருவிழியின் ஓரத்து இரத்தக்குழாய்கள் கருகிவிட்டன என்று அர்த்தம். கருவிழியின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் கலங்கள் இருப்பதும் அந்த ஓரத்தில்தான்.

பொலித்தீன் பையில் வாங்கும் சுண்ணாம்பை வந்தவுடனே மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். பையைப் பல்லால் கடித்துத் திறக்காதீர்கள். முகத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தட்டம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.