கையைப் பார்த்துக் காலை எண்ணும் மணிக்கூடு

கனடாவில் இருக்கும் அக்கா அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு அனுப்பியிருந்தார். கட்டிய முதல் நாளே பிரச்சினை. காலையில் கடையில் அரிசி வாங்கி, சைக்கிளில் வைத்து வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார். மணிக்கூடு நாற்பது காலடி என்றது. பின்னேரம் மாமாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் இருந்தபடி கிறவல் றோட்டால் வயலுக்குப் போனார். இறங்கும்போது அறுநூறு கூடியிருந்தது.

"நடந்தா எண்ணுதில்லை, இருந்தா எண்ணுது. இதென்ன சாமான்?"

அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தச் சாமானுக்குக் கால் தெரியாது. கை மட்டும்தான் தெரியும்.

உள்ளே சில மில்லிமீற்றர் அகலமான ஒரு மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) படித்தோமே, அதை அளக்கும் மானி. சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய திணிவு ஒன்று, மயிரிழையிலும் மெல்லிய வில்களில் தொங்கும். கை அசைந்தால் அது சற்றுப் பின்தங்கும். அதனால் பக்கத்துத் தகடுகளோடு உள்ள இடைவெளி மாறும், கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) மாறும். மூன்று திசைகளிலும் இந்த மாற்றத்தைச் செக்கனுக்குப் பல பத்துத் தடவை குறித்துக்கொள்கிறது.

சாதாரணமாக நடப்பவர் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு காலடி வைப்பார். குதிக்கால் நிலத்தில் பட, உடம்பு எழும்பித் தாழ, கை வீச, அந்தப் பதிவில் ஒரே தாளத்தில் அலைகள் வரும். மென்பொருள் தேடுவது அந்தத் தாளத்தைத்தான். தனியாக வரும் ஒன்றிரண்டு முகடுகளைப் பல மணிக்கூடுகள் நம்புவதில்லை. தொடர்ந்து சில வந்த பிறகே எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும். இல்லாவிட்டால் பல் தீட்டுவதும் ரொட்டிக்கு மா குழைப்பதும் நடையாகிவிடும். இதற்கு அம்மா கொடுக்கும் விலை, குசினிக்குள் அங்கே நாலு, இங்கே மூன்று என்று வைக்கும் காலடிகள்.

சைக்கிள் உருட்டும்போது கை ஹாண்டிலில் இறுகிக் கிடக்கும். வீச்சு இல்லை, முகடும் சிறுத்துவிடும். லான்ட்மாஸ்டர் கதை வேறு. இயந்திரத்தின் நடுக்கம் மிக வேகமானது, அதை வடிகட்டிவிடலாம். ஆனால் பள்ளத்தில் விழுந்து எழும்பும் பெட்டியின் குலுக்கம் ஏறக்குறைய நடையின் வேகத்திலேயே வரும்.

தூரம் இன்னொரு ஊகம். ஜிபிஎஸ் இல்லாதபோது, எண்ணிய காலடியை ஒரு காலடியின் நீளத்தால் பெருக்குகிறது. அந்த நீளத்தைப் பெரும்பாலும் நாம் பதிந்த உயரத்தில் இருந்து எடுக்கும். வழக்கமான கணக்கு உயரத்தின் 0.41 பங்கு. 160 சென்ரிமீற்றர் உயரமென்றால் ஏறக்குறைய 66. வயல் வரம்பில் சேற்றுக்குப் பயந்து 55 சென்ரிமீற்றராக வைத்து நடந்தால், உண்மையான 1 கிலோமீற்றரை அது 1.2 என்று சொல்லும். காலடிகளைப் பிழையில்லாமல் எண்ணியிருந்தாலும்தான்.

ஜிபிஎஸ் காலடியைப் பார்ப்பதே இல்லை. 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை வைத்து இடத்தைக் கண்டு, புள்ளிகளைக் கோடாக இணைக்கிறது. கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டு போன்ற வெட்ட வெளியில் பிழை சில மீற்றர்தான். பாலையும் முதிரையும் அடர்ந்த காட்டுப் பாதையில் இலைகள் சமிக்ஞையை மங்கச் செய்யும், புள்ளிகள் அங்குமிங்கும் தாவும், நேராக நடந்தவருக்கும் வளைந்து நடந்த தூரம் விழும். பற்றரியை மிச்சம் பிடிக்க இடைவிட்டுப் புள்ளி எடுத்தாலோ வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். மரத்தடியில் நின்று கதைத்தால்கூட சில மீற்றர் கூடலாம்.

சரி, திருத்த வழி? எங்களிடம் கண்டி வீதி இருக்கிறது. 155ஆம் கட்டை என்று இடத்துக்கே மைல் கணக்கில் பெயர் வைத்த ஊர்க்காரர் நாங்கள். இப்போது கரையில் நிற்பவை கிலோமீற்றர் கற்கள். விடிய வாகனம் குறைந்த நேரத்தில் அம்மாவும் நானும் ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்கு நடந்தோம். வாயால் எண்ணினோம்: 1,690. ஆயிரம் மீற்றரை அதால் பிரித்தால் 59 சென்ரிமீற்றர். போனில் அந்த எண்ணைப் பதிந்தோம். றோட்டில் தூரம் இப்போது ஓரளவு பொருந்துகிறது. வரம்பில் இன்னும் பொருந்தவில்லை.

சைக்கிள் உருட்டும் நாட்களில் அம்மா மணிக்கூட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.