ஒரு லிட்டர் பெட்ரோலில் யாருக்கு எவ்வளவு?

"ஜீரோ பாத்துக்குங்கண்ணே" என்று பங்க் ஊழியர் சொன்னதும் மீட்டரைப் பார்க்கிறோம். அதே மீட்டரில் லிட்டர் விலையும் தெரியும். அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று பலர் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு எண்ணுக்குள் நாலு பேருடைய கணக்கு இருக்கிறது.

2025-ல் சென்னையில் லிட்டர் ஏறக்குறைய 101 ரூபாயாக இருந்தது. அதில் எண்ணெய் நிறுவனத்தின் விலை, லாரி வாடகையோடு சேர்த்து, 53 ரூபாய் வாக்கில் வந்தது. மத்திய அரசின் கலால் வரி 21.90 ரூபாய். பங்க் முதலாளியின் கமிஷன் 4 ரூபாய்க்குச் சற்று மேல். மீதி 22 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மாநில அரசின் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி.

தமிழ்நாட்டில் பெட்ரோல் வாட் இரண்டு துண்டாக இருக்கிறது: 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். அந்த 13 சதவீதத்தைக் கலால் வரியையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுகிறார்கள். வரிக்கு மேல் வரி என்று சொல்வது இதைத்தான். 2020 மே வரை இது 34 சதவீதம் என்று ஒரே கணக்காக இருந்தது. கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது 15 சதவீதமும் 13.02 ரூபாயும் என்று மாற்றினார்கள். நிலையான ரூபாய் இருந்தால் எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும் அந்த வருமானம் குறையாது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோதுதான் 13 சதவீதமும் 11.52 ரூபாயும் என்ற கணக்கு வந்தது.

கலால் வரியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 2025-ன் அந்த 21.90-ல் அடிப்படை வரி வெறும் 1.40 ரூபாய். மாநிலங்களோடு பகிர வேண்டியது அது மட்டும்தான். மாநிலங்களின் பங்கு 41 சதவீதம் என்று வைத்தால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 பைசா. செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் வரும் மீதி 20.50 முழுக்க மத்திய அரசுக்கே. பெயரை மாற்றினால் பங்கு கொடுக்க வேண்டாம் என்பதுதான் இதன் சாரம்.

விலை ஏன் ஏறுகிறது? ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 70 டாலர், டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் கச்சா எண்ணெய் லிட்டருக்கு 38 ரூபாய் ஆகிறது. பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 54 பைசா கூடும். பீப்பாய் விலை அசையாமல் ரூபாய் மதிப்பு மட்டும் ஒரு ரூபாய் சரிந்தாலும் 44 பைசா கூடும். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி என்பதால் இரண்டு அடியும் நம் மேல்தான்.

விதிப்படி விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலையை மாற்றலாம். அதற்கு முன் மே மாதம் புதுச்சேரி உட்பட ஐந்து ஊர்களில் ஒத்திகையே நடந்தது. இதெல்லாம் காகிதத்தில். 2021 நவம்பரில் நின்ற விலை, ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு வந்தபின் 2022 மார்ச் 22-ல்தான் அசைந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் 10 ரூபாய் ஏறியது. அந்த மே மாதம் கலால் வரி 8 ரூபாய் குறைந்தது. பிறகு 2024 மார்ச் வரை பலகை உறைந்தே கிடந்தது.

உறைந்த காலத்தில் நட்டத்தை யார் தாங்கினார்கள்? இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்கள். 2022-ன் நடுவில் மூன்றுமே நட்டத்தில் ஓடின. கச்சா எண்ணெய் இறங்கியதும் விலையைக் குறைக்காமல் விட்டதைப் பிடித்தன; 2023-24-ல் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் லாபம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலாலை 2 ரூபாய் ஏற்றியபோதும் பங்க்கில் விலை ஏறவில்லை. உலகச் சந்தையில் விலை இறங்கியிருந்தது. நமக்குக் குறைய வேண்டியது வரியாகப் போய்விட்டது.

பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் விலை குறையாதா என்று கேட்பார்கள். அதற்கு மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் தேதி குறிக்க வேண்டும். கையில் மிஞ்சியிருக்கும் சில வரிகளில் இதையும் விட எந்த மாநிலத்துக்கு மனம் வரும்?

வாட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால்தான் கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் புதுச்சேரியில் டேங்க் நிரப்புகிறார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அந்தப் பக்கம் வேலை இருந்தால் சரி. இதற்கென்றே பைக்கில் 20 கிலோமீட்டர் போய்வந்தால் மிச்சம் பிடித்தது வழியிலேயே எரிந்துவிடும்.

விலையில் நம் கை எதுவும் இல்லை, அளவில் உண்டு. சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பங்க்கில் அது இருந்தே ஆக வேண்டும். 25 மில்லி வரை குறைந்தால் அனுமதி உண்டு. அதற்கு மேல் குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில்லை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.