கனடாவில் இருந்து வந்த ப்ளூ-ரே ப்ளேயரைப் பிளக்கில் குத்துவதற்கு முன்

போன மாதம் மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து ஒரு ஐயா என் திருத்தக் கடைக்கு வந்தார். சீலைப் பை ஒன்றுக்குள் ஒரு ப்ளூ-ரே ப்ளேயர், டிவிடியைவிடத் தெளிவான படம் தருகிற தட்டுகளை ஓட்டுகிற பெட்டி. முகப்பில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. "தம்பி, மகள் கனடாவில இருந்து பெட்டியில போட்டு அனுப்பினவ. பிளக்கில குத்திச் சுவிட்சப் போட்டன், டப் எண்டு ஒரு சத்தம், பிறகு கருகின மணம். இன்னும் ஒரு படமும் பார்க்கல்ல" என்றார்.

மூடியைக் கழற்றினேன். பவர் போர்டில் இருந்த, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பெரிய கப்பாசிட்டரின் தலை பிளந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த கடதாசி பஞ்சுபோல வெளியே தள்ளியிருந்தது. சுற்றிவர மண்ணிறத்தில் பிசுபிசுப்பு. அதன் உடம்பில் 200 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அந்த ஒரு எண்ணிலேயே முழுக் கதையும் இருக்கிறது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அது ப்ளேயருக்குள் போய் நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறக்குறைய 170 வோல்ட் வரும், 200 வோல்ட் கப்பாசிட்டர் அதைத் தாங்கும். எங்களுடைய 230 வோல்ட்டை அதே இடத்தில் கொடுத்தால் 325 வோல்ட் ஏறும், அது எப்படித் தாங்கும்? கப்பாசிட்டர் வெடித்தது மட்டும் என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம், அன்றைக்கு அதற்குப் பக்கத்தில் இருந்த ஐசி என்கிற சிப்பும் போய்விட்டது, அதற்கு மாற்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்படி வருவது முதல் தடவை அல்ல. கல்லடியில் இந்தத் திருத்த வேலை செய்யத் தொடங்கி இருபது வருடம் கடந்துவிட்டது. படம் பார்க்கும் ப்ளேயர்கள் பழசாகிச் செத்து என் மேசைக்கு வருவது குறைவு. தெரியாமல் செய்த ஒரு சின்ன வேலையால் வருபவைதான் கூட. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளேயரின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒரு சின்னத் தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். பிளக்கைத் தொடுவதற்கு முன் அதைப் படியுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பயம் இல்லை, இங்கே நேராகக் குத்தலாம். 220-240 என்று இருந்தாலும் சரி, லண்டன், சுவிஸ், ஜெர்மனியில் இருந்து வருபவை பெரும்பாலும் அப்படித்தான். 120 என்று மட்டும் இருந்தால், ஜப்பான் சாமான் என்றால் 100 என்று மட்டும் இருந்தால், நிறுத்துங்கள். இதற்கு வோல்ட்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வேண்டும். ப்ளேயர் எடுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான், 100 வாட் ட்ரான்ஸ்போமர் தாராளமாகப் போதும், அதன் வெளிவரும் பக்கம் உங்கள் ப்ளேயரின் தகட்டில் இருக்கிற வோல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்புக் கருவுள்ள, கையில் எடுத்தால் கனக்கிற ட்ரான்ஸ்போமரைத்தான் வாங்க வேண்டும். முடி உலர்த்தும் சாமான்களுக்காகப் பயணக்காரர் கொண்டுபோகிற பாரமில்லாத கன்வேட்டர்கள் இதற்குச் சரிவராது.

இன்னொன்று. பலபேர் குழம்புவது இதில்தான். தட்டை முனைப் பிளக்கை எங்கள் சதுர முனைச் சொக்கெட்டில் குத்துவதற்காக ஒரு அடப்டர் விற்கிறார்கள் அல்லவா, அது முனையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அந்த ஐயாவும் அதைத்தான் வாங்கிப் போட்டிருந்தார், கடைக்காரர் "இது போதும்" என்று சொல்லிக் கொடுத்ததாம்.

சரி, மின்சாரம் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வலயக் குறியீடு. ப்ளூ-ரே தட்டுகளுக்கு உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கனடா, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் ஏ. ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் மத்திய கிழக்கும் பி. இலங்கையும் இந்தியாவும் சி. ஏ வலய ப்ளேயருக்குள் பி மட்டும் போட்ட தட்டை வைத்தால் ஓடாது, திரையில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். அதைப் பழுது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தட்டின் பெட்டியின் பின்பக்கத்தில் அந்த எழுத்து ஒரு சின்னத்துக்குள் இருக்கும், மூன்று எழுத்தும் இருந்தால் எல்லா ப்ளேயரிலும் ஓடும். டிவிடிக்கு இது வேறு கணக்கு, எங்களுக்கு 5, கனடாவுக்கு 1, இங்கிலாந்துக்கு 2. 4கே ப்ளூ-ரே தட்டுகளுக்கு வலயக் கட்டுப்பாடே கிடையாது, ஆனால் அவை சாதாரண ப்ளூ-ரே ப்ளேயரில் ஓடமாட்டா. பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள், அதிலும் ஓடாது, சாதாரண ப்ளூ-ரே மட்டும்தான் ஓடும்.

பழுது இல்லாத இன்னொரு பழுதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகக் காசு செலவழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காத்தான்குடி நானா ஒருவர் கொண்டுவந்த ப்ளேயரில் படம் நன்றாக ஓடுகிறது, இருபது நிமிடம் கழித்துச் சத்தம் நின்றுவிடுகிறது. ரீவியை மாற்றிப் பார்த்திருக்கிறார், வயரை மாற்றியிருக்கிறார், வேறொரு இடத்தில் கொடுத்து உள்ளே போர்டைக்கூட சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். நான் அவருடைய படத்தையே போட்டு உட்கார்ந்திருந்தேன், இருபதாவது நிமிடத்துக்குக் கிட்ட சத்தம் போனது, திரையில் ஒரு செய்தி வந்தது, அதற்குள் 3 என்ற எண். சினேவியா என்று ஒரு காவல் இருக்கிறது, படத்தின் ஒலிக்குள்ளேயே காதுக்குக் கேட்காத அடையாளம் ஒன்றைப் பதித்து வைத்திருப்பார்கள், 2012இல் இருந்து ப்ளூ-ரே ப்ளேயர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. அவர் பென் ட்ரைவில் போட்டிருந்தது களவுப் பிரதி. ப்ளேயர் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அசல் தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன், கடைசிவரை சத்தம் நிற்கவில்லை.

களவுப் பிரதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் "ப்ளூ-ரே பிரிண்ட்" என்று எழுதி விற்பது அநேகமாக டிவிடி தட்டுதான். டிவிடி ஒரு அடுக்கில் 4.7 ஜிபி பிடிக்கும். ப்ளூ-ரே ஒரு அடுக்கில் 25, இரண்டு அடுக்கில் 50. ஐம்பது ஜிபிக்குக் கிட்ட இருந்த படத்தை நசுக்கி நாலு ஜிபிக்குள் அடைத்தால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கட்டம் கட்டமாகத் தெரியும், மழைக்காட்சி கலங்கிப்போகும். பிறகு "ப்ளூ-ரேயும் டிவிடி மாதிரித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள், அதைக் கேட்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. நல்ல தட்டு ஒன்றைச் சரியாகப் போட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் வயதான கண்ணுக்கும் தெரியும்.

சரியாக என்றால், எச்டிஎம்ஐ வயரில். நாவற்குடாவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், 43 அங்குல ரீவி, நல்ல ப்ளேயர், இரண்டுக்கும் நடுவில் பழைய சிவப்பு-வெள்ளை-மஞ்சள் வயர். மஞ்சள் வயரில் போவது டிவிடியின் தரம் மட்டும்தான். இரண்டு வருடமாக அப்படியே பார்த்திருக்கிறார்கள். வயரை மாற்றியதும் வீட்டம்மா ரீவிக்குக் கிட்டப் போய் நடிகையின் சீலைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் யாரும் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.

இனி எங்கள் கரைக்கே உரிய தொல்லைகள். எழுவான்கரையில் வீடு என்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. காற்றில் உப்பு இருக்கிறது. ப்ளேயரின் காற்றுத் துளைகளால் அது உள்ளே போய், தட்டையான ரிபன் வயர் செருகுகிற இடத்தில் பச்சை பூத்துவிடும். ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. வாடை தொடங்கினால் ஈரம் வேறு. கச்சான் வீசும்போது புழுதி. இதற்குப் பயந்து பின்னல் துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் மூடிவைக்கிறார்கள், அது நல்லதல்ல, ஓடும்போது சூடு வெளியேறாது, ஓடாதபோது ஈரம் வெளியேறாது. ஜன்னலுக்கு நேரே வைக்காமல் சுவரோரமாக இறாக்கையில் வையுங்கள், மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் படம் பார்க்காவிட்டாலும் கிழமைக்கு இரண்டு தடவை அரைமணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடே உள்ளே இருக்கிற ஈரத்தை விரட்டும். பல்லி ஏறாத இடமாகப் பாருங்கள். பவர் போர்டில் கருகிக் கிடந்த பல்லிகளை எத்தனை தடவை எடுத்திருக்கிறேன் என்று எண்ணவில்லை.

இடியைப் பற்றிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, சித்திரை மாதங்களில் பின்னேரம் இருண்டுகொண்டு வந்தால் சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். மின்னல் கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. கூரையில் இருக்கிற டிஷ்ஷில் இருந்து இறங்குகிற வயரால் வந்து, டிஷ் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரால் ரீவிக்கும், ரீவியில் இருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வயரால் ப்ளேயருக்கும் ஓடும். களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில் மூன்றும் ஒரே நொடியில் போனது. பிளக்குகள் எல்லாம் கழற்றித்தான் இருந்தன, டிஷ் வயர் மட்டும் கழற்றவில்லை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் ஆளுக்குக் கரண்ட் அடிக்காமல் காப்பதற்கு, மின்னலில் இருந்து சாமானைக் காப்பாற்ற அல்ல. பிளக், டிஷ் வயர், எச்டிஎம்ஐ, மூன்றையும் இடி கிட்ட வருவதற்கு முன் கழற்றுங்கள். இடி தலைக்கு மேலே வந்துவிட்டால் வயர்களில் கை வைக்க வேண்டாம், சாமான் போனால் போகட்டும்.

ப்ளேயரின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய தட்டுகள் ஓட அது தேவைப்படும், ஆனால் பாதியில் கரண்ட் போனால் ப்ளேயர் எழும்பவே எழும்பாமல் போகலாம். 2022இல் ஒருநாளைக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் எனக்கு இப்படி வந்தவை உண்டு, ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.

தட்டு ஓடவில்லை என்றால் பலரும் உடனே மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். முதலில் தட்டைப் பாருங்கள். டிவிடியில் பதிவு 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீற்றர்தான். அதன் மேல் கடினமான பூச்சு இருப்பதால் இலகுவில் கீறாது, ஆனால் எண்ணெய்க் கை பட்ட அடையாளமே படத்தை நிற்க வைக்கப் போதும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

உள்ளே இருக்கிற லென்ஸ் மிளகு அளவுதான். ஏறாவூரில் ஒரு தம்பி நகப்பூச்சு அகற்றுகிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து அதைத் துடைத்திருந்தார். என் மேசை விளக்குக்குக் கீழே பார்த்தபோது கண்ணில் வெள்ளை விழுந்தது போல இருந்தது. லென்ஸ் பல ப்ளேயர்களில் பிளாஸ்டிக், அந்தத் திரவம் அதைக் கரைத்துவிடும். அவரிடம் அதைவிடப் பெரிய விடயம் ஒன்றைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: மூடி திறந்திருக்கும்போது ப்ளேயரை ஓடவிட்டு உள்ளே பார்க்காதீர்கள். ப்ளூ-ரே லேசர் 405 நானோமீற்றர் ஊதா ஒளி, எங்கள் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், அதனால் பலம் இல்லை என்று தோன்றும், ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். மூடி பூட்டியிருக்கும்வரை அது பாதுகாப்பானது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் திறந்த ப்ளேயரை மேசையில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம்.

தட்டு வைக்கிற தட்டம் வெளியே வரவில்லை என்றால் கத்தியால் நெம்ப வேண்டாம். அநேகமாக உள்ளே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

இவ்வளவும் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சாமான் குறைந்துகொண்டு வருகிறது. ஒப்போ நிறுவனம் 2018இல் ப்ளேயர் செய்வதை விட்டுவிட்டது, சாம்சங் 2019இல் அமெரிக்காவுக்குப் புதிய ப்ளேயர்கள் கொண்டுவருவதை நிறுத்தியது, சோனி 2025 பெப்ரவரியோடு வெற்று ப்ளூ-ரே தட்டுகள் செய்வதை நிறுத்திவிட்டது. லென்ஸ் தொகுதி ஒன்று தேடுவதற்கே எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

படத் தட்டு போனால் வேறெங்காவது அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கலியாணம் முடித்த சிலருக்கு ஸ்டூடியோக்காரர் கலியாண வீடியோவை ப்ளூ-ரே தட்டில் எரித்துக் கொடுத்தார்கள். அது வீட்டில் அந்த ஒன்றுதான் இருக்கும். போன வருடம் ஒரு அக்கா அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார், அலுமாரிக்கு மேலே ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் இருந்த தட்டு, அவருடைய அப்பாவின் குரல் அந்த ஒன்றில் மட்டும்தான் இருக்கிறதாம். மூன்று வெவ்வேறு ட்ரைவில் போட்டுப் பார்த்தோம், மூன்றாவதில் முக்கால்வாசி வந்தது. அப்பா தாலியை ஆசீர்வதித்துக் கொடுக்கிற இடம் அதற்குள் இருந்தது, அவர் கடையிலேயே இருந்து அதை இரண்டு தடவை பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு தட்டு இருந்தால், சொந்த வீடியோவுக்குக் காவல் பூட்டு எதுவும் இருக்காது, ப்ளூ-ரே ட்ரைவ் உள்ள கணினி ஒன்றில் போட்டால் அப்படியே பிரதி எடுக்கலாம். இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கிற சகோதரத்திடம். பிரதி எடுக்கக் கொண்டுபோகும்போது தட்டை அதன் பெட்டியிலேயே கொண்டுபோங்கள், பேப்பரில் சுற்றி மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் வளைந்துபோன தட்டு ஒன்று இப்போதும் என் லாச்சியில் கிடக்கிறது.